வேளிக் காயலின் வாயும் வரத்தும்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்குத் தெற்கே, தும்பாவைத் தாண்டினால் வேளி. காயலுக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு, அதன் உட்புறம் படகுத்துறை, கரையில் கானாயி குஞ்ஞிராமனின் பெரும் சிற்பங்கள், நீர்க்காகங்களும் கொக்குகளும் இறங்கும் சதுப்பு, 2020இல் ஓடத் தொடங்கிய சூரியசக்திச் சிறு ரயில். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்து படகேறுகிறார்கள். இந்த இடத்தின் கதையைச் சுற்றுலாத் துறை வேலி போட்டு நுழைவுச்சீட்டு கொடுத்த நாளிலிருந்து சொல்வதே வழக்கம். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. இந்தப் படகுத்துறை ஏறத்தாழ இருநூறு வருட நீர்வழி ஒன்றின் கடைசி அத்தியாயம். அந்த நீர்வழிக்கு வேலை இருந்தவரை அதன் ஆழத்தைக் காக்க ஆள் இருந்தது. வேலை போனபின் மேற்பரப்பு மட்டும் கவனிக்கப்பட்டது. வேளியும் அதன் மறுபாதியான ஆக்குளமும் இன்று படும் பாட்டுக்குக் காரணம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில் வெட்டப்பட்டது பார்வதி புத்தனாறு. திருவனந்தபுரம் நகருக்கு அருகே வள்ளக்கடவைத் தொட்டு, வேளிக் காயலை ஊடுருவி, கழக்கூட்டத்தின் கடற்கரைப் பக்கமாக வடக்கே சென்று கடினங்குளம் காயலில் அது சேர்கிறது. அங்கிருந்து அஞ்சுதெங்கு வரை காயல்வழி. அதற்கப்பால் வர்க்கலையின் செம்மண் குன்று பலகாலம் மறித்து நின்றது. சரக்கை இறக்கி, தலைச்சுமையாகக் குன்றைக் கடந்து, மறுபுறம் வேறு வள்ளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. குன்றைக் குடைந்த இரண்டு சுரங்கங்கள் 1880 வாக்கில் முடிந்தபின், தலைநகரிலிருந்து கொல்லம் வழியாக வடக்கே வெகுதூரம் நீரிலேயே போக முடிந்தது. தெற்கே இதன் உறவுக்காரன் குமரி மாவட்டத்தாருக்குத் தெரியும்: பூவாறிலிருந்து குமரிமுனையை நோக்கி 1860ஐ ஒட்டித் தொடங்கி, முடிவடையாமலே நின்றுபோன ஏ.வி.எம். கால்வாய். மண்டைக்காட்டுப் பக்கம் அது தூர்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு வேளியின் நிலையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழியில் ஓடியவை கெட்டுவள்ளங்கள். ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியவை. இயந்திரம் கிடையாது. வள்ளக்காரர் நீண்ட மூங்கில் கழியைக் காயலின் அடியில் ஊன்றி, அதன் மறுமுனையைத் தோளில் கொடுத்து, முன்னாலிருந்து பின்னால் வரை வள்ளத்தின் விளிம்போடு நடந்தே அதைத் தள்ளினார். கொப்பரை, கயிறு, நெல், ஓடு ஏற்றிய வள்ளம் நீரில் நன்றாக அமிழும். அடியில் சேறு ஏறினால் வள்ளம் நின்றுவிடும். வள்ளம் நின்றால் சந்தை நிற்கும், அரசின் வருமானமும் குறையும். ஆகவே தூர் வாருவது யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பி இருக்கவில்லை. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தைத் தொட்ட ரயில் 1918இல் திருவனந்தபுரத்தை எட்டி, 1931இல் தம்பானூர் வரை நீண்டது. அதே பாதையில் கழக்கூட்டத்துக்கும் நிலையம் வந்தது. பின்னாலேயே லாரியும் வந்தது. கால்வாயின் ஆழம் குறைந்தால் நஷ்டப்பட இனி யாரும் இல்லை என்றானது.

இதைப் பழம்பெருமை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஊழியம் என்ற கூலியில்லா உழைப்பு வழக்கில் இருந்த நாடு திருவிதாங்கூர். கால்வாய் வெட்டியவர்களின் வியர்வையை மறந்துவிட்டு ராணியை மட்டும் வாழ்த்துவது சரியல்ல. வேலை செய்த நீர் சுத்தமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கடினங்குளம் காயல் கயிறுத் தொழிலின் களம். தேங்காய் மட்டைகளை வலையில் கட்டி, மேலே சேறு அப்பி, பல மாதங்கள் நீரில் அமிழ்த்தி அழுக வைப்பார்கள். அந்த இடங்களில் நீர் கறுத்து, ஆக்சிஜன் வற்றி, அழுகிய முட்டை நாற்றம் எழும், மீன் குறையும். அந்த அழுகிய மட்டையை அடித்து நார் எடுத்த பெண்கள் அந்த நாற்றத்திலேயே வாழ்நாளைக் கழித்தார்கள். ஆகவே பழங்காலம் தூய்மையானது என்பது என் வாதமல்ல. அன்று நீர் ஓடியது. அது ஓட வேண்டும் என்று வற்புறுத்த ஆட்கள் இருந்தார்கள். நான் சொல்வது அவ்வளவே.

ஓட்டம் என்பது வேளிக்கு உயிர்ப்பிரச்சினை. இதன் வாய் நிரந்தரமாகத் திறந்திருப்பதில்லை. ‘பொழி’ என்று அங்கே சொல்லும் முகத்துவாரத்தைக் கடல் மணலால் அடைத்துவிடும். மழைக்காலத்தில் நீர் உயர்ந்து மணலை உடைக்கும், அல்லது கரையோர வீடுகள் மூழ்காமலிருக்க மனிதர்கள் வெட்டிவிடுவார்கள். பொழி திறந்தால் உப்புநீர் உள்ளே ஏறும். கூடவே இறால் குஞ்சுகளும் கடல்மீன் குஞ்சுகளும் வரும். உப்புநீரைத் தாங்காத ஆகாயத்தாமரை கருகும். பொழி அடைந்தே கிடந்தால், நகரத்தின் சாக்கடையைச் சுமந்து ஆக்குளத்துக்கு வரும் ‘தோடு’ எனப்படும் ஓடைகளின் அழுக்கு முழுவதும் காயலின் அடியில் படியும். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் குப்பைமலைக்குள் சிக்கி உயிரிழந்தார். அந்தத் தோட்டின் நீர் வந்து சேரும் இடம் இந்தக் காயல்தான். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் தகவல்தொழில்நுட்ப வளாகத்தின் வழியே ஓடும் தெற்றியாறும் இங்கேதான் வடிகிறது. 2023 அக்டோபரில் அது கரைபுரண்டபோது கழக்கூட்டத்தின் தெருக்களில் வெள்ளம் நின்றது.

சுற்றுலா வந்திராவிட்டால் காயலே மிஞ்சியிருக்காது என்பார்கள் சிலர். ஓரளவு உண்மை. பார்வையாளர் வரும் இடத்தில் அரசின் கண் படுகிறது, ஆக்கிரமிப்புக்குத் தயக்கம் வருகிறது, பாசி அள்ளப்படுகிறது. ஆனால் பெடல் படகு மிதக்க இரண்டடி நீர் போதும். பூங்காவுக்குத் தேவையான நீரும் காயலுக்குத் தேவையான நீரும் ஒன்றல்ல. வேலிக்குள் பாசியை அள்ளிவிட்டு, வேலிக்கு வெளியே தோட்டை அப்படியே விட்டால், அடுத்த மழையில் அதே பாசி திரும்பி வரும். ஆக்குளத்தில் சாகச விளையாட்டுகள் பெருகுவதை நான் குறை சொல்லவில்லை. பறவையும் கரிமீனும் பார்க்க வருகிறவரிடம் வாங்கும் பணம், அவற்றை வாழவைக்கும் வரத்துக்கும் வாய்க்கும் போகவில்லை என்றால் அது பராமரிப்பு ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

கோவளத்தையும் பேக்கலையும் இணைக்கும் மாநில நீர்வழித் திட்டத்தில் பார்வதி புத்தனாறும் இருக்கிறது. தூர் வாரும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. பயணிகள் படகு மீண்டும் ஓடுமானால் ஆழத்தைக் கேட்கும் ஆட்கள் மறுபடி உண்டாவார்கள். ஆனால் தோடுகள், காயல், பொழி மூன்றையும் ஒரே நீராகக் கணக்கிட்டு ஒரே பொறுப்பில் வைக்காமல் கால்வாயை மட்டும் ஆழப்படுத்தினால், நகரத்தின் சேறு இன்னும் வேகமாக வேளிக்கு வந்து சேரும். அரசு முதலில் செய்ய வேண்டியது, ஆமயிழஞ்சான் தோடு காயலுக்கு வரும் வழியிலுள்ள கண்ணம்மூலையில் கழிவைத் தடுப்பது. வேளியில் புதுப் படகு விடுவது அதற்குப் பிறகுதான்.