வெள்ளைச் சேலையோடு பாடியவர்

போரில் கணவனை இழந்த எங்கள் பொத்துவில் அக்கா ஒருவர், ‘சனம் என்ன சொல்லும்’ என்று பாட்டையே விட்டுவிட்டார். அவரை நினைத்துத்தான் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதுகிறேன்.

1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறுமியாகவே நாடகக் கம்பனியில் சேர்ந்தவர். 1920களில் கொழும்பு மேடைகளில் பாடினார், எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் அங்கேதான். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரல்தான் இருவருக்கும் முதல்.

1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண்களுக்குச் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்தத் துறவைப் புகழ்வோர், அவர் தொடர்ந்து பாடி உழைத்ததை ஏனோ சொல்வதில்லை. 1935இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே ஆண் வேடம் கட்டினார். சம்பளம் ஒரு இலட்சம் ரூபாய். 1953இல் வந்த ‘ஔவையார்’ முழுக்க அவருடைய படம்.