மைக்கேல், ஜார்ஜ் (1939–2009)

ஜார்ஜ் மைக்கேல் வாஷிங்டன் நகரின் டபிள்யூ.ஆர்.சி. தொலைக்காட்சியில் 1980 முதல் 2007 வரை விளையாட்டுச் செய்தி வழங்கியவர். இதே பெயர் கொண்ட ஆங்கிலேயப் பாடகர் வேறொருவர். அமெரிக்காவில் ஒரு நகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள் பல உண்டு. அவற்றின் மாலைச் செய்தியில் கடைசிச் சில நிமிடங்கள் விளையாட்டுக்கு ஒதுக்கப்படுவதும், அப்பகுதியை வழங்குபவர் காலப்போக்கில் ஊரறிந்த முகமாகிவிடுவதும் வழக்கம்.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் 1939 மார்ச் 24 அன்று பிறந்த மைக்கேல், வானொலியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு இடையிடையே பேசும் தொகுப்பாளராகவே பெயர் பெற்றார். 1966இல் பிலடெல்பியாவின் டபிள்யூ.எஃப்.ஐ.எல். நிலையத்திலும், 1974இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்திலும் சேர்ந்தார். விரைந்த, உரத்த அந்த வானொலிப் பேச்சே பின்னர் அவருடைய தொலைக்காட்சி நடைக்கும் அடிப்படையாயிற்று.

அவர் வாஷிங்டனுக்கு வந்தபோது உள்ளூர் விளையாட்டுச் செய்தி பெரும்பாலும் ஆட்டப் புள்ளிகளை வாசிப்பதாகவே இருந்தது. பிற நகரங்களில் நடந்த ஆட்டங்களைச் செயற்கைக்கோள் வழியே பெற்று, ஒளிநாடாவில் பதிந்து, அவற்றின் முக்கியக் கணங்களை மட்டும் வெட்டித் தொகுக்கும் ‘ஹைலைட்ஸ்’ முறையை மைக்கேல் தம் நிகழ்ச்சியின் உயிர்நாடியாக்கினார். அவருடைய ஞாயிறு இரவு நிகழ்ச்சி 1984இல் ‘தி ஜார்ஜ் மைக்கேல் ஸ்போர்ட்ஸ் மெஷின்’ என்னும் பெயருடன் ‘சிண்டிகேஷன்’ முறையில், அதாவது ஒருவர் தயாரித்ததைப் பிற ஊர் நிலையங்கள் உரிமம் பெற்று ஒளிபரப்பும் முறையில், நாடு முழுவதும் பரவியது. அரங்கில் ஒளிநாடாச் சுருள்கள் சுழலும் பெரிய பொறி ஒன்று நிற்கும். அவர் பொத்தானை அழுத்தியதும் காட்சி தொடங்கும். பொறி வெறும் அலங்காரம்தான் என்றாலும், அதன் பின்னிருந்த உழைப்பு மெய்யானது. விளையாட்டுக்கென்றே 1979இல் தொடங்கிய இ.எஸ்.பி.என். அலைவரிசை கேபிள் வழியாக மட்டுமே கிடைத்தது. கேபிள் இணைப்பு இல்லாத வீடுகளே அன்று மிகுதியாதலால், பிற ஊர் ஆட்டங்களைக் காண இந்நிகழ்ச்சி பலருக்கு வாய்ப்பளித்தது. பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத கார் பந்தயத்துக்கும், காளைமேல் அமர்ந்து தாக்குப்பிடிக்கும் ரோடியோ போட்டிக்கும் அவர் இடமளித்தார். இவ்வகையில் அவருடைய பார்வை பெருநகர இதழாளர்களின் பார்வையைவிட விரிந்தது என்றே சொல்ல வேண்டும்.

நாளெல்லாம் இயங்கும் விளையாட்டு அலைவரிசைகளும் இணையமும் பெருகியபின், ஞாயிறு இரவுவரை காத்திருக்கும் தேவை பார்வையாளருக்கு அற்றுப்போனது. நிலையம் செலவைக் குறைக்க முற்பட்டு அவருடைய குழுவினரைப் பணிநீக்கம் செய்யும் நிலை வந்தபோது, மைக்கேல் 2007 மார்ச் மாதத்தில் பதவி விலகினார். ‘ஸ்போர்ட்ஸ் மெஷின்’ நிகழ்ச்சியும் அம்மாத இறுதியில் நின்றது. பழைய பேஸ்பால் புகைப்படங்களில் இருக்கும் ஆட்டக்காரர்களையும் ஆட்டம் நடந்த நாளையும் ஆராய்ந்து கண்டறிவதில் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். இரத்தப் புற்றுநோயால் 2009 டிசம்பர் 24 அன்று வாஷிங்டனில் காலமானார்.