பட்டை, சந்தனம், யானை: பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வனக்காவல் பணி

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியதற்குப் பாலாற்று நீரோடு, சுற்றியுள்ள காடுகளும் புதர்நிலங்களும் தந்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் துணைநின்றன. குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வரும்வரை, பட்டையிலும் காயிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளே தோலை அழுகாமல் காத்தது என்பதால், காட்டு விளைபொருள் இவ்வட்டாரத்தில் வணிகச் சரக்காகவும் அரசுக்கு வருவாயாகவும் விளங்கியது. அந்த வருவாயைக் காப்பதற்கே வனக்காவல் பணி முதலில் அமைக்கப்பட்டது. அப்பணியாளரின் மனநிறைவையும் ஊக்கத்தையும் நெடுங்காலம் பாதித்தது இத்தோற்றமே.

1856இல் ஹியூ கிளெக்ஹார்னின் தலைமையில் உருவான சென்னை மாகாண வனத்துறைக்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் முழு அதிகாரம் அளித்தது. அச்சட்டப்படி 'காப்புக்காடு' என அறிவிக்கப்பட்ட நிலத்தில், அதாவது மக்களின் பழைய உரிமைகள் வரையறுக்கப்பட்டோ நீக்கப்பட்டோ அரசின் நேரடி ஆளுகைக்கு வந்த காட்டில், அனுமதியின்றி விறகு வெட்டுவதும் பட்டை உரிப்பதும் ஆடு மேய்ப்பதும் குற்றமாயின. இத்தடைகளை நாள்தோறும் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு, வனச்சரகர், வனவர் ஆகியோருக்குக் கீழே, மிகக் குறைந்த ஊதியம் பெற்ற வனக்காப்பாளரிடம் வந்து சேர்ந்தது. கடைநிலை ஊழியரின் கெடுபிடியையும் கையூட்டையும் பற்றிக் குடியானவர்கள் கூறிய முறையீடுகளை 1913ஆம் ஆண்டின் சென்னை வனக்குழு பதிவுசெய்ததும், அதன் தொடர்ச்சியாகச் சில காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டதும், ஊராரின் பகையை நாளும் சுமக்க வேண்டிய வேலையாக அது இருந்ததை உணர்த்துகின்றன.

விடுதலைக்குப் பின் ஜவ்வாது மலையின் சந்தனம் முன்னுக்கு வந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனமரக் கிடங்கு இயங்க, மலையில் மரம் கடத்துவோர் பெருகியபோது, வனக்காப்பாளரின் வேலை உயிருக்கு ஆபத்தானதாக மாறியது. மலைவாழ் மக்களோ ஒருபுறம் கடத்தல்காரருக்குக் கூலியாட்களாகவும் மறுபுறம் சோதனைகளுக்கு இலக்காகவும் ஆயினர். இந்த முரண் எல்லை மீறியபோது என்ன நேரும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20இல் சந்தனக் கடத்தலை ஒடுக்குவதாகக் கூறி அங்கு நடந்த வன்கொடுமைகளுக்காக வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டு, இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டனை பெற்றனர்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பணியின் நோக்கத்தைப் பொருளிலிருந்து உயிரினத்திற்குத் திருப்பியது. 1980களில் ஓசூர், கிருஷ்ணகிரிக் காடுகளிலிருந்து யானைகள் சித்தூர்ப் பகுதிக்கு இடம்பெயர்ந்ததை அடுத்து, 1990இல் ஆந்திரத்தில் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. அதை ஒட்டிய குடியாத்தம், பேரணாம்பட்டு வனச்சரகங்களில், வயலுக்குள் இறங்கும் யானையை இரவில் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது காவலரின் வழக்கமான வேலையாயிற்று. அரசின் சொத்தை ஊராரிடமிருந்து காத்தவர், இப்போது ஊராரின் பயிரையும் உயிரையும் சேர்த்துக் காக்க வேண்டியவரானார்.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் முன்வைத்த கோட்பாடு இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவும். ஊதியம், பணிச்சூழல், மேலதிகாரியின் நடத்தை போன்றவை குறைந்தால் அதிருப்தி பிறக்கும் என்றும், சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவையே உண்மையான ஊக்கத்தை அளிக்கும் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். வருவாய்க் காவலின் காலத்தில் வனக்காப்பாளருக்கு இவ்விரண்டில் எதுவும் போதிய அளவு வாய்க்கவில்லை. யானைக் காவலோ இரண்டாவதற்கு வழிதிறந்தபோதிலும் முதலாவதை முழுமையாகத் தரவில்லை. தமிழகக் காடுகளில் முன்வரிசையில் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில், குறிப்பாகப் பழங்குடி இளைஞர்களில், பலர் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாகப் பணிபுரிகின்றனர். ஊரார் அளிக்கும் மதிப்பு பணிப் பாதுகாப்புக்கு ஈடாகாது என்பதால், அவர்களை நிரந்தரமாக்குவதே வனப் பாதுகாப்பின் முதல் செலவாகக் கருதப்பட வேண்டும்.