கையேறி வந்த மருந்து

மாலிக்காபூரின் படை மதுரைக்கு வந்தது எந்த ஆண்டு என்று கேட்டால், நம் மாணவன் மளமளவென்று ஒப்புவிக்கிறான். அம்மைத் தடுப்பு மருந்து இந்த நாட்டிற்கு எவ்வழி வந்தது என்று கேட்டால் விழிக்கிறான். குற்றம் அவனுடையதன்று, நாம் அவன் கையில் கொடுத்த ஏடு அப்படி! மன்னனின் குதிரைக்கு அதிலே பக்கம் பக்கமாக இடமுண்டு; மருந்து சுமந்த குழந்தைக்கு ஒரு வரியும் இல்லை.

ஆம் தோழர்களே, குழந்தைதான் சுமந்தது!

பசுவுக்கு வரும் அம்மையின் பால், மனிதனைக் கொல்லும் பெரியம்மையைத் தடுக்கும் என்பதை எட்வர்டு ஜென்னர் 1796ல் செய்து பார்த்தார். 1798ல் நூலாக்கி உலகுக்குத் தந்தார். இங்கிலாந்தின் குளிரிலே எளிதாயிருந்த காரியம், கப்பலேறிக் கடல் கடந்ததும் கடினமாயிற்று. நூலிழையில் தோய்த்து அனுப்பினர். கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து மெழுகு பூசி அனுப்பினர். வெப்பம் விட்டுவைக்கவில்லை. மாதக் கணக்கில் நீண்ட பயணத்திலே மருந்து மாண்டது. வந்து சேர்ந்தது வெறும் நூல்.

வேறு வழி என்ன கண்டனர்? மனித உடலையே மருந்துப் பெட்டியாக்கினர்! ஒருவன் கையில் குத்தினால் எட்டு, ஒன்பது நாளில் கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து எடுத்து அடுத்தவன் கையில் குத்துவர். 1803 நவம்பர் 30ஆம் நாள் ஸ்பெயின் நாட்டிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் அமெரிக்கக் கண்டம் நோக்கிப் புறப்பட்டபோது, அவர் கப்பலில் இருந்த மருந்துப் பெட்டிகள் எவை தெரியுமா? 22 அநாதைச் சிறுவர்கள்! அவர்களைப் பேணியவர் இசபெல் செந்தால் என்ற பெண்மணி. சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, முறை வைத்துக் குத்தி, மருந்தின் உயிரைக் கடல் நெடுகக் காத்தனர்.

நம் நாட்டிற்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது. வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டினோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று வழி தேடி வந்து, 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் குடியேறியது. அந்தக் குழந்தையின் கையிலிருந்துதான் இந்தியாவுக்கான தொடர் துவங்கிற்று. அதே ஆண்டிலே சென்னைக்கு வந்தது. சென்னையிலிருந்து கப்பலில், கைக்குக் கை மாறியே கல்கத்தாவுக்கும் போயிற்று.

அடுத்த பல பத்தாண்டுகள் ஊர்விட்டு ஊருக்கு மருந்தைச் சுமந்த கைகள் யாருடையவை? பல இடங்களில் ஒடுக்கப்பட்ட குலத்துக் குழந்தைகளின் கைகள்! ஏழைத் தாய்க்குச் சில காசு கொடுத்துக் குழந்தையை அழைத்துச் செல்வது எளிதாயிருந்தது. மேல்சாதி எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் இதைக் கண்டு முகம் சுளித்தனர். அந்தக் குழந்தையின் கையில் ஊறிய நீர் எங்கள் குழந்தையின் உடலில் ஏறுவதா, தீட்டன்றோ என்றனர். மாரியாத்தாள் இட்ட முத்தை மறுப்பதா என்று அஞ்சினோர் வேறு. அம்மையோ குலம் பார்க்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. அக்கிரகாரத்திலும் சேரியிலும் ஒன்றுபோல் புகுந்தது.

குளிருக்கு அந்நாளில் வழியே இல்லையா எனக் கேட்கலாம். இருந்தது! அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தான் டியூடர் என்ற வணிகன். சென்னைக் கடற்கரையிலே 1842ல் அதற்கென எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். பாதி உலகைச் சுற்றி வந்த அந்தக் குளிர் பெரும்பாலும் துரைமார்களின் கிண்ணத்தில் கரைந்தது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தையின் கைக்கு விடுதலை கிடைத்தது. கன்றின் தோலில் மருந்து விளைந்தது. 1899ல் கிண்டியில் அமைந்த நிலையம், பின்னர் கிங் நிலையம் எனப் பெயர்பெற்றது, சென்னை மாகாணத்துக்கு அம்மைப்பால் அனுப்பிற்று. ஆனால் கிண்டியில் வீரியத்தோடு புறப்பட்டது, வெயிலில் பயணம் செய்து கிராமம் சேர்வதற்குள் சோர்ந்துவிடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் லண்டன் லிஸ்டர் நிலையத்து அறிஞர் லெஸ்லி காலியர். 1950களில் மருந்தை உறையவைத்து, அந்நிலையிலேயே உலர்த்திப் பொடியாக்கினார். 37 பாகை வெப்பத்தில் ஒரு மாதம் வைத்தாலும் அது வீரியம் குன்றவில்லை! குளிர் தேவையற்ற அந்த மருந்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, 1967 முதல் ஊழியர்கள் ஊர் ஊராகப் போயினர். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980ல் உலகமே அதைத் தலைமுழுகியது. ஆத்தாளின் கோபம் தணிந்ததாலன்று. மருந்து வெயிலைத் தாங்கியதால்!

பெரியம்மை போயிற்று, வெயிலுக்கு அஞ்சும் மருந்து போகவில்லை. 1922 ஜனவரி 11ஆம் நாள் டொரன்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் போடப்பட்ட இன்சுலின், இன்று நம் மதுரை கே.கே. நகர் மருந்துக்கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரப்படுகிறது. 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டிய மருந்து. அதை வாங்கி, மாட்டுத்தாவணியில் பேருந்தேறி, சித்திரை வெயிலில் சிவகங்கைச் சீமைக்குப் போகும் மூதாட்டியின் வீட்டிலே குளிர்பெட்டி ஏது? கெட்டுவிடுமோ என்று அஞ்சி, பனிக்கட்டிப் பொட்டலத்தோடு ஒட்டவைத்துச் செல்வோரும் உண்டு. அது பெருங்கேடு! உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம். வேலை செய்யுமென்று நம்பமுடியாது. துணியோ தாளோ சுற்றி, பனிக்கட்டி தொடாதபடி, வாயகன்ற வெந்நீர்க்குடுவையில் வைத்துச் செல்வதே முறை. காரின் கண்ணாடிக்கடியில் வைத்தால் வெந்துபோகும். விமானமேறுவோர் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும், சரக்கறையில் உறைந்துபோகக்கூடும்.

வீடு சேர்ந்த பிறகு? அந்தச் சிவகங்கைச் சீமையிலேயே மானாமதுரை இருக்கிறது; மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையே ஈரமணல், மேலே நனைந்த துணி, நிழலான காற்றோட்டமுள்ள மூலை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். 2 பாகைக்கு அது இறங்காது. இறங்கத் தேவையுமில்லை, பயன்பாட்டில் இருக்கும் குப்பிக்கு. கென்யா நாட்டு அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் ஆய்ந்து 2021ல் வெளியிட்ட முடிவு இது: 25க்கும் 37க்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின், குளிர்பெட்டியில் இருந்ததற்கு ஈடாகவே வீரியத்தோடு இருந்தது. மதுரையின் கோடை 40 பாகையைத் தொடும். அந்த மிகுதியை இறக்குவதுதான் பானையின் வேலை. ஐப்பசி மழையில் காற்று ஈரமாயிருக்க, பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வெளியே வெயிலும் அவ்வளவாக இல்லை.