தார்கா ஃப்ளோரியோவும் ஒரு பழைய லான்சியாவும்

பலெர்மோவில படிக்கிறேன்னு சொன்னா மக்கள் கேக்கிற முதல் கேள்வி, "அங்க மாஃபியா இருக்கா?" ரெண்டாவது கேள்வி, "காட்ஃபாதர் அங்கதானே எடுத்தாங்க?" பதில் சொல்லி அலுத்துப் போச்சு சாமி. மூணாவதா ஒரு விஷயம் இருக்கு, அதை யாரும் கேக்கறதில்லை. கேக்காட்டியும் சொல்றதுதானே பதிவன் தர்மம் :-)

பலெர்மோவிலேர்ந்து கடலோரமா கிழக்கே ஒரு மணி நேரம் போனா மதோனியே மலைத்தொடர் ஆரம்பிக்கும். அந்த மலை ரோட்டில 1906-லேர்ந்து 1977 வரைக்கும் உலகப் புகழ் பெற்ற ஒரு கார் ரேஸ் நடந்தது. பேரு தார்கா ஃப்ளோரியோ. தார்கான்னா தகடு, பரிசாக் கொடுக்கிற பட்டயம். ஃப்ளோரியோங்கிறது குடும்பப் பேரு. மர்சாலா ஒயின், கப்பல், ஃபவிஞ்ஞானா தீவில சூரை மீன் பிடிக்கிற தொழில்னு சிசிலியையே கையில வச்சிருந்த குடும்பம். அதுல பொறந்த வின்சென்சோ ஃப்ளோரியோவுக்கு கார்ப் பைத்தியம். 1906-ல முதல் போட்டி நடத்தும்போது அவருக்கு வயசு 23. நம்மள்ல பலர் அந்த வயசுல அரியர் எழுதிக்கிட்டிருந்தோம்.

ஒரு சுத்து 148 கிலோமீட்டர், மூணு சுத்து ஓடணும். பத்து கார் கிளம்பிச்சு. இத்தாலா காரில வந்த அலெஸ்ஸாந்த்ரோ காஞ்ஞோ ஒன்பதரை மணி நேரத்துல முடிச்சு ஜெயிச்சார். கணக்குப் போட்டா சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர்தான். சிரிக்காதீங்க. தார் இல்லாத ரோடு, ஆடு மாடு, தூசி, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

பிற்பாடு பாதையைக் குறைச்சு 72 கிலோமீட்டர் ஆக்கினாங்க. பெரும்பாலானவங்க மனசுல இருக்கிறது இந்தச் சின்ன சுத்துதான். செர்தா பக்கத்துல கிளம்பி, கல்தவுத்தூரோ ஏறி, கொல்லெசானோ ஊருக்குள்ள புகுந்து, கம்போஃபெலீச்சே வழியாக் கடலுக்கு இறங்கி, பூவோன்ஃபோர்னெல்லோ நேர்ரோட்டில பறந்து திரும்பவும் செர்தா. அந்த ஒரு நேர்ரோட்டை விட்டா மிச்சமெல்லாம் வளைவு. ஏற்காடு கொண்டை ஊசியை மனசுல வச்சுக்குங்க, அதை 72 கிலோமீட்டர் நீட்டுங்க, நடுவுல நாலு ஊரைப் போடுங்க. அதான்.

இங்கதான் என் மேட்டர் ஆரம்பிக்குது. இந்த மாதிரி ரோட்டில பெரிய என்ஜின் மட்டும் வேலைக்காகாது. ரோட்டை விட்டு எழும்பாத சக்கரம் வேணும். 1964-ல அமெரிக்காவிலேர்ந்து ஷெல்பி கோப்ரா நாலு வந்து இறங்கிச்சு. 4.7 லிட்டர், எட்டு சிலிண்டர். முன்னாடியும் பின்னாடியும் குறுக்கு வாட்டத்துல பட்டை ஸ்பிரிங். மலை அதை ஒரு கை பார்த்துடுச்சு. முடிச்சது ஒண்ணே ஒண்ணு, டேன் கர்னியும் ஜெர்ரி கிராண்டும் ஓட்டினது, எட்டாவது இடம். ஜெயிச்சது ரெண்டே லிட்டர், நாலு சிலிண்டர் போர்ஷே 904. ஓட்டினவங்க கொலின் டேவிஸும் சிசிலிக்காரர் அந்தோனியோ பூச்சியும்.

போர்ஷேகாரனுக்கு இந்தப் பாடம் நல்லாப் புரிஞ்சிருந்தது. 1970-ல அவங்ககிட்ட 917-ன்னு ஒரு ராட்சசன் இருந்தும், சிசிலிக்குன்னே 908/03 செஞ்சு கொண்டு வந்தாங்க. மூணு லிட்டர், மொத்த எடை 545 கிலோ, சுமார் 350 குதிரைச் சக்தி. கனமான பாகங்களைக் காரோட நடுவுக்கு நகர்த்தினதுல ஓட்டுநர் ரொம்ப முன்னாடி வந்துட்டார். அவர் கால் முன் அச்சுக்கும் முன்னாடி! மோதினா முதல்ல போறது கால்தான். அந்த வருஷம் சிஃபெர்ட்டும் ரெட்மனும் ஜெயிச்சாங்க. அதே மாதிரி வண்டியில லியோ கின்னுனென் ஒரு சுத்தை 33 நிமிஷம் 36 விநாடியில முடிச்சார். அதை யாரும் முறியடிக்கலை.

உள்ளூர் ஹீரோவைச் சொல்லாம விட்டா பலெர்மோகாரங்க என்னை ஊருக்குள்ள விட மாட்டாங்க. நீனோ வக்காரெல்லா, 1933-ல பலெர்மோவில பொறந்தவர், சட்டம் படிச்சவர். அவருக்கு நிஜத் தொழில் பள்ளிக்கூட நிர்வாகம். தலைமையாசிரியர் ஐயா வார நாள்ல ஸ்கூல் நடத்துவார், மே மாசம் வந்தா ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோன்னு ஏறுவார். 1965, 1971, 1975-னு மூணு தடவை ஜெயிச்சார். மலை ஊர்ச் சுவரெல்லாம் அவர் பேரு. 2021 செப்டம்பர்ல காலமானார்.

சரி, தலைப்புல இருக்கிற லான்சியா எங்கேன்னு கேக்குறீங்க. வரேன்.

கம்பெனியை ஆரம்பிச்ச வின்சென்சோ லான்சியாவே இங்க ஓட்டினவர்தான். 1907-ல ஃபியட் காரில ரெண்டாவது இடம். 45 வருஷம் கழிச்சு, 1952-ல, அவர் கம்பெனியோட அவுரேலியா பி20 இதே மலையில முதல் மூணு இடத்தையும் அள்ளிச்சு. ஜெயிச்சது ஃபெலீச்சே போனெத்தோ, வாயில பைப்போட கார் ஓட்டுற ஆசாமி. அதைப் பார்க்க லான்சியா உயிரோட இல்லை, 1937-லயே போயிட்டார். கவனிக்க வேண்டிய விஷயம், பி20 ரேஸுக்குன்னு செஞ்ச வண்டி இல்லை. காசிருந்தா டாக்டரும் வக்கீலும் ஷோரூம்ல வாங்கி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகக்கூடிய வண்டி.

அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாருங்க. விற்பனைக்கு வந்த கார்கள்ல முதல் வி6 என்ஜின் அவுரேலியாவோடதுதான், 1950-ல வந்தது. கணக்குப் போட்டவர் ஃப்ரான்செஸ்கோ தெ விர்ஜிலியோ. மேற்பார்வை வித்தோரியோ யானோ. (1930-ல வார்சி இதே மலையில ஜெயிச்ச ஆல்ஃபா பி2-வை வடிவமைச்ச அதே யானோ.) கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே ஹவுசிங்ல பின்னாடி. அதனால எடை முன்னும் பின்னும் பகிர்ந்து நிக்கும். பின் பிரேக் டிரம் கூட சக்கரத்துல இல்லை, கியர்பாக்ஸ் பக்கத்துல. சக்கரத்தோட சேர்ந்து குதிக்கிற எடை குறையக் குறைய, அது குண்டு குழியைச் சீக்கிரம் மறந்துட்டு மறுபடி ரோட்டைப் பிடிக்கும்.

முன் சஸ்பென்ஷன் இன்னும் விசித்திரம். 1922-ல லாம்ப்தா காருக்குன்னு லான்சியா செஞ்சது. நட்டுக்குத்தா ஒரு தூண், சக்கரம் அந்தத் தூண்ல மேலயும் கீழயும் வழுக்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அந்தக் குழாய்க்குள்ளேயே, எண்ணெயில ஊறிக்கிட்டு. சீல் தேஞ்சு எண்ணெய் கசிஞ்சா ரெண்டு நஷ்டம்: குலுக்கலை அடக்க ஆளில்லை, உலோகமும் உலோகமும் உரசித் தேயும்.

பின்பக்கம் முதல் சீரிஸ்கள்ல சாய்வா வச்ச கை, காயில் ஸ்பிரிங். வேகமா வளையும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டா வண்டியோட பின்பக்கம் எழும்பும், சக்கரம் சாயும், வால் வழுக்கும். தெரிஞ்சவனுக்கு அது வசதி, தெரியாதவனுக்கு அது பள்ளம். நாலாவது சீரிஸ்ல அதை எடுத்துட்டு தெ தியோன் அச்சு போட்டாங்க. ரெண்டு சக்கரத்தையும் ஒரு குழாய் இணைச்சு நேரா நிறுத்தும், கனமான டிஃபரன்ஷியல் மட்டும் பாடியோடவே இருக்கும். இதுக்கிடையில என்ஜின் 1991 சிசியிலேர்ந்து 2451 சிசி ஆச்சு, 75 குதிரை 118 ஆச்சு. அப்புறம் ஐந்தாம் சீரிஸ்ல கம்பெனியே அதை 110-க்குக் குறைச்சுது! சொகுசா ஓட்டுறவங்க கேட்டாங்களாம்.

அப்போ இதுல எது "ஒரிஜினல்" பி20? கம்பெனியே மாத்திக்கிட்டே இருந்திருக்கு. வாங்கினவங்களும் சும்மா இல்லை. நம்ம ஊர் பத்மினி மாதிரியே இதுக்கும் கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்துல. (பத்மினியும் இத்தாலி ரத்தம்தானே, ஃபியட் 1100.) வேகமா ஓட்டுறவனுக்கு அது ஒத்து வரலை. தூரின்ல என்ரிகோ நார்தி பட்டறையில ஒரு கிட் விப்பாங்க. தரையிலேர்ந்து கியர், இரட்டை கார்புரேட்டர், மர ஸ்டியரிங். அன்னைக்கு அது வெறும் ஆல்ட்டரேஷன். இன்னைக்கு அந்தக் கிட் இருக்கிற வண்டிக்குத்தான் கூடுதல் கிராக்கி.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி சந்துல ஒரு பட்டறை இருக்கு. அங்க இப்போ ஒரு நாலாம் சீரிஸ் பி20 ஜாக் மேல நிக்குது. பட்டறைக்காரரை எல்லாரும் "மாஸ்த்ரு"ன்னு கூப்பிடுவாங்க. நம்ம மேஸ்திரியோட ஒண்ணுவிட்ட தம்பி இந்த வார்த்தை. போர்த்துகீசியன் கிட்டேர்ந்து நமக்கு வந்தது மேஸ்திரி, ரெண்டுக்கும் பாட்டி லத்தீன். வேலையும் அதே வேலை, அதட்டலும் அதே அதட்டல்.

அந்த வண்டி முன்பக்கம் கல்லு மாதிரி இறுகியிருந்தது. யாரோ எப்பவோ கசிவை மறைக்க தூண் குழாய்ல கெட்டியான கியர் ஆயிலை ஊத்திட்டாங்க. கசிவு நின்னுச்சு, சஸ்பென்ஷனும் நின்னுச்சு. மாஸ்த்ரு மொத்தத்தையும் பிரிச்சு, தூணைத் தேய்ச்சு மெருகேத்தி, வெண்கல புஷ்ஷை லேத்துல தானே கடைஞ்சார். கடையில கிடைக்கிற சாமான் இல்லை இது. மொத்தம் நாலாயிரம் பி20 கூட செய்யலை அவங்க. என்ஜின் பக்கம் வேற தலைவலி. பிளாக் அலுமினியம், உள்ள தண்ணியில நனையிற இரும்பு லைனர். துரு தடுக்கிற கூலன்ட் ஊத்தாம பச்சைத் தண்ணியில ஓட்டினா அலுமினியத்தைக் கரையான் மாதிரி அரிச்சுடும். இத்தாலியில 2002-லேர்ந்து ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. அதனால பழைய வால்வு சீட்டை எடுத்துட்டு உறுதியான சீட் போடணும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்னுது, அதையும் மாத்தணும். (2025-ல நம்ம ஊர்லயும் 20 சதவீதம் எத்தனால் வந்தப்புறம் பத்மினி வச்சிருக்கிற மாமாக்கள் புலம்பறது இங்க வரைக்கும் கேக்குது.)

பட்டறையில இன்னொருத்தர் இருக்கார். யாழ்ப்பாணத்து அண்ணை. பலெர்மோவில ஈழத்தமிழர் ஆயிரக்கணக்குல இருக்காங்கன்னு பலருக்குத் தெரியாது. சைவக்காரங்க கூட மோந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரோசாலியாவைக் கும்பிடுறாங்க, அது தனிப் பதிவு. வண்டியோட சொந்தக்காரர் "ஒரிஜினல், ஒரிஜினல்"னு சொல்லிட்டுப் போனப்புறம் அண்ணை கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்:

"தம்பி, நாங்கள் ஒரிஜினலை எங்க கண்டது? மண்ணெண்ணையில ஓடின ஏ ஃபோர்ட்டி பாத்திருக்கிறீரோ?"

1990-கள்ல பொருளாதாரத் தடை இருந்தப்போ யாழ்ப்பாணத்துல பெட்ரோல் தங்கம் மாதிரி. ஆஸ்டின், மோரிஸ் எல்லாம் அம்பதுகளோட வண்டி, அதாவது இந்த லான்சியாவோட சம வயசு. மண்ணெண்ணெய் குளிர்ல ஆவியாகாது, அதனால சில சொட்டு பெட்ரோலை கார்புரேட்டர்ல விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. அந்தக் கால என்ஜின்ல அமுக்க விகிதம் ஏழுக்கு ஒண்ணு அளவுதான், அதனால தாங்கிச்சு. புதுசா வந்த ஜப்பான் வண்டின்னா டக் டக்குன்னு தட்டும். எரியாத மண்ணெண்ணெய் என்ஜின் ஆயில்ல இறங்கி நீர்த்துப் போகும், அடிக்கடி ஆயில் மாத்தணும், ஆயிலும் கிடைக்காது. "ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்திக்கொண்டு போறது அதிலதான்"ன்னார். அதுக்கு மேல அவர் சொல்லலை, நானும் கேக்கலை.

இத்தாலியில பழைய வண்டிகளுக்கு ஆஸின்னு 1966-ல ஆரம்பிச்ச சங்கம் இருக்கு, வண்டியைச் சோதிச்சுச் சான்றிதழ் கொடுக்கும். உலக அளவுல ஃபீவா இருக்கு. அது 2012-ல ஏத்துக்கிட்ட தூரின் சாசனம் ஒரு நல்ல காரியம் பண்ணிச்சு: வண்டியோட வாழ்நாள்ல நடந்த மாற்றமும் அதோட வரலாறுதான்னு ஒத்துக்கிச்சு. எனக்கு இது ரொம்பச் சரின்னு படுது. தார்காவில ஓடின வண்டியைப் பிரிச்சு, அடி வாங்கின தடத்தை எல்லாம் அழிச்சு, ஷோரூம் பளபளப்புக்குக் கொண்டு வந்தா மிஞ்சுறது என்ன? அதுக்காக நேத்து வாங்கின ஷாக் அப்சார்பரை வெல்டு வச்சு ஒட்டிட்டு "இதுவும் வரலாறு"ன்னு சொன்னா அதையும் ஒத்துக்க மாட்டேன். அந்த ஏ ஃபோர்ட்டிகள்ல ஒண்ணை யாராவது மண்ணெண்ணெய்க் குழாயோட அப்படியே வச்சிருந்தா, அதை நான் எந்த லான்சியாவுக்கும் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ரேஸ் எப்படி முடிஞ்சதுன்னு சொல்லலையே. கார்கள் வேகமாச்சு, ரோடு அதே ரோடு. வேலி கிடையாது, ஜனங்க வாசப்படியில உக்காந்து பார்ப்பாங்க. 1973-க்கு அப்புறம் உலக சாம்பியன்ஷிப்ல இடம் போச்சு. 1977-ல ஒரு கார் கூட்டத்துல புகுந்து பார்வையாளர் ரெண்டு பேர் செத்தாங்க. போட்டியைப் பாதியில நிறுத்தினாங்க. அடுத்த வருஷத்திலேர்ந்து அது ராலியா மாறிடுச்சு. பழைய கார்களுக்குன்னு தார்கா ஃப்ளோரியோ கிளாசிகான்னு ஒண்ணும் நடக்குது. அதுல வேகத்துக்கு மார்க் இல்லை, குறிச்ச நேரத்துக்குச் சரியா வரணும்.

பட்டறை லான்சியாவைப் பத்திக் கடைசித் தகவல்: தரையில இருக்கிற நார்தி கியர் அப்படியே இருக்கட்டும்னு சொந்தக்காரர் ஒத்துக்கிட்டார். தூண்ல புது சீல், சரியான எண்ணெய். பின் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் வளைவு ஏத்த வெளியில அனுப்பியிருக்காங்க, இன்னும் வரலை.