13 ரூபாய் 9 அணா: மலிவு டிக்கெட் நமக்கு எப்படி வந்துச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

தீபாவளி, பொங்கல் நெருங்கினாலே எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ஊருக்குப் போகணும், டிரெயின் டிக்கெட்டைக் கம்மி விலையில எடுக்கிறது எப்படி?" இது வரலாற்று பாட்காஸ்ட்டுங்க, டிராவல் ஏஜென்சி இல்ல. ஆனா யோசிச்சுப் பார்த்தா, இந்தக் கேள்விக்கான பதில் முழுக்க வரலாற்றுலதான் இருக்கு. இன்னைக்கு நாம காசு மிச்சம் பிடிக்கப் பயன்படுத்துற ஒவ்வொரு வழிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு இருக்கு. அதனால இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே பேசிடலாம்.

ஏழைங்க ரயில் ஏறுவாங்களா?

1845-ஐ எடுத்துக்கோங்க. இந்தியாவில் ரயில் விடலாமா என்று கிழக்கிந்தியக் கம்பெனி யோசித்துக்கொண்டிருந்த நேரம். லண்டனில் இருந்த இயக்குநர்கள் அந்த வருஷம் எழுதிய கடிதத்தில் ஒரு கணிப்பு இருக்கிறது: இந்திய ரயிலுக்கு வருமானம் முக்கியமாகச் சரக்கிலிருந்துதான் வரும், பயணிகளிடமிருந்து இல்லை. மக்கள் ஏழைகள், ரயிலில் எங்கே போகப்போகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856 ஜூலை 1-இல் நம்ம ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். கொஞ்ச வருஷத்திலேயே அந்தக் கணிப்பு தப்பு என்று தெரிந்துவிட்டது. ஜனங்க கூட்டம் கூட்டமா ஏறினாங்க. கோயிலுக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, வேலை தேடி. ஏறியவர்களில் மிகப் பெரும்பாலானோர் எடுத்தது மூன்றாம் வகுப்பு டிக்கெட். பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதியும் அவர்கள் கொடுத்த காசுதான்.

காசு கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மரப்பலகை. சில இடங்களில், ஆரம்ப காலத்தில், அதுவும் இல்லை. நின்றுகொண்டோ தரையில் உட்கார்ந்தோதான் போகணும்.

காந்தி எடுத்த டிக்கெட்

இந்தக் கதையில் நாம தவறவிடக் கூடாத ஒரு பயணி காந்தி. 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர், அடுத்த இரண்டரை வருஷத்தில் கால்வாசிக்கும் மேலான நேரத்தை மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியிலேயே கழித்ததாக எழுதியிருக்கிறார். வடக்கே லாகூர், தெற்கே நம்ம தரங்கம்பாடி வரைக்கும்.

1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் ரயிலில் வந்தார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. அதுவும் உட்காரத்தான். இரண்டு ராத்திரி பயணம், படுக்க வழியில்லை. ராய்ச்சூர் தாண்டினதும் நெரிசல் தாங்க முடியவில்லை. கார்டு வந்து எட்டிப் பார்த்ததே இன்னும் நாலு பேரை உள்ளே தள்ளத்தான் என்று எழுதுகிறார்.

அதோட நிறுத்தாமல் ஒரு கணக்கும் போட்டார். சென்னைப் பயணத்துக்கு முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைவிட ஐந்து மடங்குக்கு மேல். சரி, அப்போ மூன்றாம் வகுப்புக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது கிடைக்குதா? பத்தில் ஒரு பங்காவது? மேல் வகுப்புகளின் சொகுசுக்கு மூன்றாம் வகுப்புப் பயணிதான் காசு கட்டுகிறார் என்பது அவருடைய வாதம்.

இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க. அடுத்த நூறு வருஷமும் இதுதான் ஓடப்போகுது.

ரெண்டு அங்குல நுரை

விடுதலைக்குப் பிறகு, 1948-இல், மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் மட்டுமே கொண்ட ஜனதா எக்ஸ்பிரஸ் வந்தது. 1974-இல் 'மூன்றாம் வகுப்பு' என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லாம் இரண்டாம் வகுப்பு ஆனது. பெயர்தான் மாறுச்சு, பலகை அதே பலகை.

1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். சோஷலிஸ்ட், அதுக்கு முன்னாடி இயற்பியல் பேராசிரியர். அவர் செய்த ஒரு காரியம் பார்க்க ரொம்பச் சின்னது: இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகையின் மேல் இரண்டு அங்குலத்துக்கு நுரை மெத்தை போடச் சொன்னார். முதல் வகுப்பை இறக்குவது நோக்கமில்லை, இரண்டாம் வகுப்பை ஏற்றுவதுதான் நோக்கம் என்பது அவர் நிலைப்பாடு. அந்த வருஷ டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே வகுப்புப் பிரிவே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் கிளம்பியது.

இன்னைக்கு ஸ்லீப்பரில் நாம கால் நீட்டிப் படுக்கிறோமே, அந்த நீல மெத்தையோட கதை இதுதான். உங்க தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்தப் பழைய பலகையைப் பத்திக் கேட்டுப் பாருங்க, முதுகைத் தடவிக்கிட்டே சொல்வாங்க.

மலிவாக்க ரெண்டு வழி

ஒரு டிக்கெட்டை மலிவாக்க ரெண்டு வழிதான். ஒன்று, கட்டணத்தை அரசு தாங்கிக்கொள்வது. இன்னொன்று, அதே பெட்டியில் இன்னும் அதிகம் பேரை அடைப்பது.

2006-இல் லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது வந்த கரீப் ரத் இரண்டாவது வழி. ஏழைக்கும் ஏசி என்றார்கள். சைடில் மூணாவதா ஒரு மிடில் பெர்த் மாட்டினார்கள். போர்வை, தலையணைக்குத் தனிக் காசு. 2021-இல் வந்த 3இ, அதாவது தேர்ட் ஏசி எகானமி, இதோட தம்பி. வழக்கமான தேர்ட் ஏசியில் 72 படுக்கை, இதில் 83. கட்டணம் கொஞ்சம் கம்மி. புத்தம் புது பெட்டி என்பதால், கொஞ்சம் இடுக்கமானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நல்ல வழி. புக் பண்ணும்போது 3ஏ பக்கத்திலேயே 3இ இருக்கான்னு பாருங்க.

சரி, இப்போ டிப்ஸ்

முதல் விஷயம். இங்கிலாந்தில் ஒரே பயணத்தை ரெண்டு மூணு டிக்கெட்டாக உடைத்து எடுத்தால் சில சமயம் மலிவு. அங்கே 1990-களில் ரயில்வேயைத் தனியார்மயமாக்கினார்கள். கட்டணங்களைத் துண்டு துண்டாகப் பல கம்பெனிகள் நிர்ணயிப்பதால் இந்த விநோதம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்யாதீங்க! நம்ம ஊரில் நேர் எதிர். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். சென்னையிலிருந்து டில்லிக்கு ஒரே டிக்கெட்தான் மலிவு. நாக்பூரில் உடைத்தால் ரிசர்வேஷன் சார்ஜும் ரெண்டு தடவை.

வழியில் ஊர் சுத்தணும்னா, 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் இறங்கித் தங்கிப் போக பழைய விதி இருக்கு. முதல் 500 கிலோமீட்டர் போன பிறகு, ஓரிடத்தில் ரெண்டு நாள் வரை. ராஜதானி, சதாப்தி மாதிரி ரயில்களில் கிடையாது. கிளம்பிய ஊருக்கே வந்து முடிகிற பெரிய சுற்றுன்னா சர்க்குலர் ஜர்னி டிக்கெட். எட்டு இடம் வரை இறங்கலாம், தூரக் கணக்கின் லாபமும் முழுசாக் கிடைக்கும்.

இரண்டாவது, சூப்பர்ஃபாஸ்ட் சார்ஜ். சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டாலே ஒரு ரயில் சூப்பர்ஃபாஸ்ட். ஸ்லீப்பரில் 30 ரூபாய், தேர்ட் ஏசியில் 45 ரூபாய் கூடுதல். சாதாரண எக்ஸ்பிரஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, தட்கல். 1997-இல் அவசரத்துக்காக வந்த ஏற்பாடு. ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய் வரை, தேர்ட் ஏசிக்கு 300 முதல் 400 வரை கூடுதல். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. 2014-இல் வந்த பிரீமியம் தட்கலிலோ இடம் குறையக் குறைய விலை ஏறும். 2016-இல் ராஜதானி, துரந்தோ, சதாப்தியில் வந்த ஃப்ளெக்ஸி கட்டணமும் அதே கதை: 10 சதவீத இருக்கை விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். ஆக, இந்த ரயில்களில் முதல் ஆளாக எடுப்பவருக்குத்தான் மலிவு. முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும், காலண்டரில் குறிச்சு வெச்சுக்கோங்க.

யாருக்கு விலை ஏறுச்சு?

டிப்ஸ் முடிஞ்சது. ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம முடிக்க மனசு வரல.

இந்த டிப்ஸ் எல்லாமே போனும் நேரமும் திட்டமிடும் வசதியும் இருக்கிற நமக்கானது. 2020 மார்ச்சில், கொரோனாவை ஒட்டி, மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டது. அதுவரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி இருந்தது. பிறகு ரயில்கள் எல்லாம் திரும்பி வந்தன, அந்தச் சலுகை வரவில்லை. பாசஞ்சர் ரயில்கள் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் திரும்பியதில், குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. அது மறுபடி 10-க்கு இறங்கியது 2024 பிப்ரவரியில்தான். பக்கத்து டவுனுக்குத் தினம் பூ விற்கப் போகிற ஒரு அம்மாவுக்குப் போக வர 40 ரூபாய் கூடுதல். அது பல மாசத்துக்கு நடந்தது. அவங்களுக்கு எந்த ஆப்பும் உதவியிருக்காது.

தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகிற அந்த்யோதயா ரயில் முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள்தான். ஒரு பண்டிகை ராத்திரியில் அது கிளம்புறப்போ பிளாட்பாரத்தில் நின்று பாருங்க. ஜன்னல் வழியா பையைப் போட்டு இடம் பிடிப்பாங்க, பாத்ரூம் வாசலில் குழந்தையைத் தூங்க வைப்பாங்க. 22 பேர் பெட்டியில் நெரிபட்டு வந்த மனுஷர் 1917-இல் கேட்ட கேள்வி அங்கே இன்னும் நிற்குது.

அதனால மலிவா டிக்கெட் எடுங்க, தாராளமா எடுங்க. வீட்டில் பெரியவங்களுக்கு 60 நாள் முன்னாடியே நீங்களே லோயர் பெர்த் பார்த்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்க வீட்டில் அந்தக் காலத்து மரப்பலகைப் பயணக் கதை ஏதாவது இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்ல கதைகளை அடுத்த எபிசோடில் சேர்த்துக்குவோம். பத்திரமா ஊர் போய்ச் சேருங்க.