ரெஜிஸ்டர் அணுகலில் வரிசையும் தளர்வும்

டிவைஸ் டிரைவர் ஒரு சாதனத்தின் ரெஜிஸ்டரைத் தொடும்போது, நினைவகத்தில் தான் செய்த மற்ற வேலைகளோடு அந்தத் தொடுகை முன்பின் மாறாதிருக்க வேண்டுமா என்று முடிவு செய்தாக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல், அதில் எழுதும் ரைட்எல் இரண்டும் இந்த வரிசையைக் காக்கின்றன. ‘ரிலாக்ஸ்டு’ என்ற ஒட்டோடு வரும் இணைகள் அந்தக் காவலை விட்டுவிடுவதால் வேகமானவை.

ஆபத்து பெரும்பாலும், செயலியின் துணையின்றிச் சாதனமே நினைவகத்தைத் தொடும் டிஎம்ஏவில் வருகிறது. அனுப்பவேண்டிய தரவை நினைவகத்தில் வைத்துவிட்டு, ‘எடுத்துக்கொள்’ என்று சாதனத்தின் டோர்பெல் ரெஜிஸ்டரில் டிரைவர் எழுதுகிறது. பின்னது முன்னதை முந்திவிட்டால் சாதனம் பழைய குப்பையை அனுப்பிவிடும். ராயபுரத்தில் சரக்கு ஏறி முடியுமுன்பே லாரிக்குக் கை காட்டி அனுப்புவது போன்றது இது.

எக்ஸ்86 சில்லுகளில் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. அவை இயல்பாகவே வரிசையைப் பெரும்பாலும் காப்பவை. 1992இல் வந்த டெக் ஆல்ஃபா அப்படியல்ல. 2000களின் நடுவில், எஸ்ஜிஐ ஆல்டிக்ஸ் என்ற பெரிய கணினிகளுக்காக ரிலாக்ஸ்டு படிப்பு கெர்னலில் நுழைந்தது. அங்கே ரெஜிஸ்டரை ஒருமுறை படிப்பதென்றால், அதற்கு முன் கிளம்பிய டிஎம்ஏ வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அது தேவைப்படாத டிரைவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? 2010இல் கெர்னலின் ஆர்ம் பிரிவு, வரிசையைக் கட்டாயமாக்கும் பேரியர் கட்டளையை ரீட்எல், ரைட்எல்லுக்குள்ளேயே சேர்த்தது. வெளி கேஷையும் ஒத்திசைக்க வேண்டிய சில்லுகளில் அதன் செலவு கணிசமானது. ஆர்ம் டிரைவர்களில் ரிலாக்ஸ்டு பெருகியது அதன் பிறகுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் செயலி மட்டத்திலேயே சந்தித்த இடம் சென்னை ஐஐடி. பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. 2018இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் அச்சான ரைஸ்க்ரீக் சில்லில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-ஃபைவின் நினைவக ஒழுங்கு தளர்வானது. ஆனால் அதன் பேரியரான ஃபென்ஸ் கட்டளை சாதன உள்ளீடு, சாதன வெளியீடு, நினைவகப் படிப்பு, நினைவக எழுத்து என நான்கையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல இடம் தருகிறது. அதனால் ரைட்எல்லுக்கு முன் ‘நினைவக எழுத்து முடியட்டும், பிறகு சாதன வெளியீடு’ என்று மட்டும் கேட்டால் போதும். எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் பேரியர் தேவையில்லை. என் கணிப்பில், டிரைவர் எழுதுபவருக்கு இந்தக் கட்டளைத் தொகுப்பு செய்த மிக நல்ல உதவி இது.

ரிலாக்ஸ்டு என்றால் எல்லாம் கலைந்துவிடும் என்பதும் தவறான அச்சம். ஒரே சாதனத்துக்கு ஒரே இழையிலிருந்து போகும் அணுகல்கள் அதிலும் வரிசை மாறுவதில்லை. பூட்டுகளோடும் டிஎம்ஏ நினைவகத்தோடும் தாமதச் சுழல்களோடும் உள்ள உறவுக்கே அது உத்தரவாதம் தராது. ஆகவே யூஆர்ட் என்ற தொடர்முறைத் தொடர்புச் சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் சுழலில் அதைத் தயங்காமல் எழுதலாம். டோர்பெல்லுக்கு அதை எழுதவே கூடாது. எழுதினால் முன்னே பேரியரைக் கையால் வைத்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் ரைட்எல்தான். அதில் இழப்பது கொஞ்சம் நேரம். மறுபக்கம் இழப்பது, எக்ஸ்86 மேசையில் தேர்வாகி ஆர்ம் பலகையில் எப்போதோ ஒருமுறை மட்டும் சிதையும் தரவு.

ஆனால் ரைட்எல்லும்கூட, எழுதியது சாதனத்தைச் சேர்ந்துவிட்டது என்று உறுதி சொல்வதில்லை. பிசிஐ பஸ்ஸில் எழுத்துகள் வழியில் தேங்கி நிற்கக்கூடும். சேர்ந்ததை உறுதி செய்ய அதே சாதனத்திலிருந்து ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படிக்கிறார்கள்.